மெட்டி கறுத்த வயல்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு நோட்டுப் போட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நான். கும்பகோணத்தில் வேதியியல் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, கரும்பலகையில் எழுதியதில் எண்களும் அம்புக்குறிகளும் மட்டும்தான் பிடிபட்டன. வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அப்பா தன் பெயரை எழுதுவார். அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டி வந்த முதல் ஆள் நான். தடுமாறினாலும் முதல் ஆளாக நானேதான் தடுமாற வேண்டியிருந்தது.

நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தேன். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் அது என்ன என்று தமிழில். மூன்றாவது கட்டத்துக்கு நானாக ஒரு தலைப்பு வைத்தேன்: ‘எங்கே பார்த்தேன்.’ ஒரு சொல்லை நம் ஊரில் எங்காவது பார்த்துவிட்டால் அது மறக்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முதல் சொல் ஹைட்ரஜன். அதற்கு மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. நிறம் இல்லை, மணம் இல்லை, உலகத்தில் இருப்பதிலேயே லேசானது. அதை எங்கே போய்ப் பார்ப்பது? ஆனால் அது இன்னொன்றோடு சேர்ந்துவிட்டால் எங்கள் ஊர் முழுக்க இருந்தது. ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர். ஹைட்ராக்சைடு என்றால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றும்போது தொட்டிக்குள் கொதித்துப் பூத்து வருகிறதே, அது. ஹைட்ரஜன் பெராக்சைடு, அப்பா காலில் மண்வெட்டி பட்டபோது வலங்கைமான் ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஊற்றியது. புண்ணின் மேல் வெள்ளையாக நுரைத்து வந்ததைப் பார்த்து நான்தான் கத்தினேன், அப்பா கத்தவில்லை. ஹைட்ரஜனேற்றம் என்றால் எண்ணெயை வனஸ்பதியாக்குவது. கல்யாண வீட்டுச் சமையல் கூடத்து டின்.

ஹைட்ரோகார்பன் என்ற சொல்லுக்கு மூன்றாவது கட்டமே போதவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய காலத்திலேயே எங்கள் பக்கத்துச் சுவர்களில் அதை வாசித்திருக்கிறேன். நடவு நடுகிற பெண்கள்கூட மீத்தேன் என்று பிசகாமல் சொல்வார்கள். புத்தகத்தில் அது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மம் என்று ஒரே வரியில் முடிந்துபோயிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அம்மா, வயலில் குழாய் இறக்கி வாயு எடுக்கக் கூடாதென்று, இரண்டு நாள் வெயிலில் சாலையோரம் உட்கார்ந்திருந்தாள் என்று எழுதி வைத்தேன்.

ஹைட்ரஜன் சல்பைடு என்ற சொல் வந்தபோது, ‘ஆய்வகம்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். அது எங்கள் வயலிலேயே இருக்கும் என்று அப்போது தெரியாது.

நான் இரண்டாம் ஆண்டு படித்தபோதுதான் அந்த வயல் எங்கள் கைக்கு வந்தது. ஒன்றரை ஏக்கர். அதற்கு முன்பு அதே வயலில் அம்மா பல வருடம் நடவு நட்டிருக்கிறாள், அப்பா வரப்பு செதுக்கி அண்டை வெட்டியிருக்கிறார். கூலிக்கு இறங்கிய வயலிலேயே குத்தகைக்காரர்களாக இறங்கினார்கள். நிலத்துக்காரர் தஞ்சாவூரில் இருந்தார். அவர் சொன்னது ஒன்றுதான்: ஒரு சம்பா பார்ப்போம், ஒழுங்காக விளைந்தால் அடுத்த வருடமும் நீங்களே செய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் அந்த ஒரு சம்பா எங்களுக்குப் பரீட்சை மாதிரி. அதில் தேறினால் வயல், தவறினால் பழையபடி கூலிக்கு.

நான் படிக்கிற பிள்ளை இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. தக்கைப்பூண்டு விதைக்கலாம் என்று சொன்னேன். அது பசுந்தாள் உரம். செடியாக வளர்த்து, பூ எடுக்கும் முன் வயலிலேயே மடக்கி உழுதுவிட்டால் மண்ணுக்குச் சத்து. விவசாய ஆபீசில் கொடுத்த துண்டுத்தாளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பத்தைந்து நாளில் உழ வேண்டும், உழுது பத்து நாளாவது அழுக விட வேண்டும், பிறகுதான் நட வேண்டும். அப்பா தலையாட்டினார். விதைத்தோம். நன்றாகத்தான் வந்தது.

வராமல் போனது தண்ணீர். எங்கள் வயல் கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்ன பிறகும் எங்கள் மடைக்கு வந்து சேர ஒரு யுகம் ஆகும். அந்த வருடம் இன்னும் தாமதம். தக்கைப்பூண்டு ஆள் உயரம் வளர்ந்து, பூத்து, தண்டு குச்சியாக முற்றிப்போய்விட்டது. புரட்டாசி பிறந்து ஒரு நாள் காலையில் திடீரென்று தண்ணீர் வந்தது. ஊரே ஓடியது. டிராக்டருக்கு ஒரே அடிதடி. எங்கள் வயலையும் மடக்கி உழுதாயிற்று. நடவாள் கிடைத்த நாளில் நட்டால்தான் உண்டு என்று நாலாம் நாளே நட்டுவிட்டோம்.

பத்து நாள் விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டியவனே நான்தான். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் நடுகிறபோது நாம் மட்டும் காத்திருக்கலாம் என்று சொல்லி, அதற்குள் தண்ணீர் நின்றுபோய்விட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயம்தான்.

நட்ட பிறகு தண்ணீரைக் கட்டினோம். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர்கள் வேண்டும்போது தண்ணீர் வைப்பார்கள், வேண்டாதபோது வடிப்பார்கள். கடைசியில் இருக்கிற நாங்கள் அப்படி இல்லை. தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். வந்த தண்ணீர் அடுத்த முறை வரைக்கும் வயலில் நிற்க வேண்டும். வரப்பில் நண்டு வளை இருந்தால் அதற்குக்கூட அப்பா களிமண்ணை உருட்டி வைத்து அடைப்பார். வந்த தண்ணீரை வடிகாலில் திறந்து விடுவது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். கணுக்கால் மூழ்கத் தண்ணீர் கட்டி, அதைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்று வாரம் ஆனது. சுற்றிலும் இருந்த வயல்களெல்லாம் பச்சை பிடித்துத் தூர் கட்டத் தொடங்கின. எங்கள் பயிர் மட்டும் மஞ்சளாக, நட்ட அன்று நின்ற அதே உயரத்தில் நின்றது. அப்பா யூரியா போட்டார். இரண்டு நாள் தெளிந்த மாதிரி இருந்து, பிறகு முன்பைவிட மோசமானது. அந்த நாட்களில் அப்பாவுக்கு வறட்டு இருமல் வேறு. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார். நான் உள்தேர்வுகளைக் காரணம் சொல்லிக்கொண்டு வயல் பக்கம் போகாமல் இருந்தேன். உண்மையில் அந்த மஞ்சளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஆய்வகத்தில் அந்த நாள் வந்தது. உப்புகளைப் பிரித்தறியும் செய்முறைக்கு ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேவை. இரும்புச் சல்பைடின் மேல் அமிலம் விழுந்தால் அது வரும். அழுகிய முட்டை நாற்றம் கட்டிடம் முழுக்கப் பரவும். ஆய்வக உதவியாளர் ஒரு அக்கா. மாணவர்களைச் சன்னலோரம் போகச் சொல்லிவிட்டு, எல்லாச் சன்னல்களையும் திறந்துகொண்டே என்னிடம் சலித்துக்கொண்டார்.

“இந்தக் கருமம் பிடிச்ச வாயுவ விடுற அன்னைக்கெல்லாம் என் மெட்டி கறுத்துப் போவுது தம்பி. வீட்டுக்குப் போய்த் தேய்க்கிறதே எனக்கு ஒரு வேலையாப் போச்சு.”

வெள்ளியும் இந்த வாயுவும் சேர்ந்தால் வெள்ளிச் சல்பைடு, கருப்பு என்று நான் படித்திருந்தேன். படித்தது ஒரு மெட்டியில் வந்து உட்கார்ந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லைப்புறத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, திருநீற்றைத் தொட்டு மெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் அவள் அப்படித் தேய்ப்பதை நான் பார்ப்பது மூன்றாவது தடவை. முன்பு இரண்டு தடவையும் கண்ணில்தான் பட்டது, மனதில் படவில்லை. பையைக்கூடக் கீழே வைக்காமல் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மெட்டி ஏன் கறுக்கிறது என்று கேட்டேன். அவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, அப்பா இல்லை என்று தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“நம்ம வயல்ல எறங்கி களை பறிச்சுட்டு ஏறுனா கறுத்துப் போவுதுடா தம்பி. மத்தவங்க வயல்ல நடவுக்குப் போனேனே, அங்கெல்லாம் ஒண்ணும் ஆகலை. நம்ம வயல்ல எறங்குனாத்தான் இப்படி.”

“அதுக்கு ஏம்மா ஒளிச்சுத் தேய்க்கிற?”

“மெட்டி யாருக்காகப் போட்டிருக்கேன்? உங்கப்பாவுக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. இந்த மண்ணு அவருக்கு ஆகலைன்னு தோணுது. அறுப்பு ஆனதும் இந்த நெலத்தைக் குடுத்துடச் சொல்லலாம்னு இருக்கேன். அவருகிட்ட சொல்லிடாத.”

இன்னொன்றும் சொன்னாள். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாளாம், பாடைக்காவடி. எங்கள் வலங்கைமானில் உடம்புக்கு முடியாமல் பிழைத்தவர்களைப் பங்குனியில் பிணத்தைப் போலவே பாடையில் படுக்க வைத்து, நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றுவார்கள். அப்பாவைக் கேட்காமலே அப்பாவுக்குப் பாடை நேர்ந்திருந்தாள். மஞ்சள் துணியில் முடிந்த காசு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

எனக்கு உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. முதலில் எனக்கே நிச்சயம் தெரிய வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை அரைகுறையாகச் சொல்லித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவோடு போய் வயலில் இறங்கினேன். கால் வைத்த இடத்திலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பியது. குனிந்தேன். ஆய்வகம். அதே நாற்றம், சேற்று வாடையோடு கலந்து கொஞ்சம் மட்டுப்பட்டு. ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிக் கழுவினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர், கரித்துணி நூலைப் போல இருந்தது. வரப்பில் நின்ற அம்மாவிடம் நாற்றத்தைப் பற்றிக் கேட்டேன். தழை அழுகினால் நாறத்தானே செய்யும், அழுகினால்தானே உரம் என்றாள். அவள் சொன்னதும் சரிதான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நாறினால் மண்ணுக்கு நல்லது.

அன்று கல்லூரியில் அந்த அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி லெட் அசிடேட் தாள் கேட்டேன். அந்த வாயு பட்டால் வெள்ளைத் தாள் கறுத்துவிடும். மூன்று துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்து, இதில் ஈயம் இருக்கிறது, தொட்டால் கையைக் கழுவு என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். கறுத்த மெட்டிக் கணக்கில் என்னுடையதோடு உன் அம்மாவுடையதையும் சேர்த்துக்கொள் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை நான், அம்மா, அப்பா மூன்று பேரும் வரப்பில் நின்றோம். மேலண்டை வயல்காரரும் தன் வரப்பிலிருந்து இறங்கி வந்தார். அவர் எனக்கு மாமா முறை. அப்பாவோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கூலிக்குப் போனவர், எங்களுக்கு இரண்டு வருடம் முன்பே குத்தகைக்கு எடுத்தவர். நான் தாளை ஈரமாக்கி, ஒரு குச்சியால் சேற்றைக் குத்திக் குமிழுக்கு நேராகப் பிடித்தேன்.

“என்ன மாப்ள, காயிதத்துக்குத் தண்ணி காட்டுறியா?”

“இல்ல மாமா. சேத்துக்குள்ள ஒரு வாயு இருக்கு. அது இருக்கான்னு பாக்குறேன்.”

“வாயு எனக்கும்தான் ரெண்டு நாளா இருக்கு. எனக்கும் ஒரு காயிதம் குடு.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஓரம் முதலில் பழுப்பானது. பிறகு நடுவில் மை சிந்தியது போல் கறுத்துப் பளபளத்தது. மாமாவின் வயலிலும் தாழ்ந்த மூலையில் ஒரு தாளைப் பிடித்தேன். அது வெள்ளையாகவே இருந்தது; ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு நிழல். அவர் தக்கைப்பூண்டு போடவில்லை.

அப்பா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என்னா சொல்லுது?”

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். தண்ணீர் என்பது இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். இந்த வாயு இரண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம். தனிம அட்டவணையில் ஆக்ஸிஜனும் கந்தகமும் மேலும் கீழுமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அதனால் தண்ணீரும் இந்த வாயுவும் ஒரு வகையில் பங்காளிகள். மேலே தண்ணீர் மூடிக்கொண்டு நிற்பதால் சேற்றுக்குள் காற்றுப் போகவில்லை. காற்று இல்லாமல் அவ்வளவு தழையும் அழுகும்போது இது உண்டாகி வேரைக் கொல்கிறது. வேர் செத்துவிட்டால் யூரியா போட்டும் பயன் இல்லை, சாப்பிட வாய் இல்லை.

“பங்காளின்னா சண்டை இருக்கத்தான் செய்யும்,” என்றார் அப்பா. “என்ன பண்ணணும்ங்கிற?”

“தண்ணிய வடிச்சுடணும்ப்பா. முழுசா. மண்ணு லேசா வெடிக்கிற வரைக்கும்.”

மாமாதான் முதலில் பேசினார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை.

“மச்சான், வாய்க்கா கடைசியில ஒக்காந்துகிட்டு வந்த தண்ணிய வடிகால்ல விடுறதா? அதுக்கா இவன தெனமும் பஸ் ஏத்தி அனுப்புற?”

அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டார், அடுத்த முறை எப்போது என்று. எட்டு நாள் என்றேன். வராவிட்டால் என்றார். புத்தகத்தில் மண் இருக்கிறது, வேர் இருக்கிறது, எங்கள் கிளை வாய்க்கால் இல்லை.

“வரலைன்னா பயிரு போச்சுப்பா. ஆனா இப்படியே விட்டாலும் போயிடும்.” பிறகு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். “பத்து நாள் விட்டு நடணும்னு எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதற்குள் அம்மா நடுவில் வந்தாள். அவள் நாங்கள் பேசிய மற்ற எதையும் கேட்ட மாதிரியே இல்லை.

“தம்பி, அப்ப மெட்டி கறுத்தது இதனாலதானா?”

“இதனாலதாம்மா. வெள்ளி எங்க இருந்தாலும் இது பட்டா கறுத்துடும். எங்க காலேஜ்ல ஒரு அக்காவுக்கும் கறுக்குது.”

“அவங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காரா?”

“நல்லாத்தாம்மா இருக்காரு. தெனமும் வண்டியில கொண்டாந்து விடுறாரு.”

“என்ன மெட்டி?” என்றார் அப்பா.

அம்மா அப்போதுதான் அப்பா பக்கத்தில் நிற்பதை உணர்ந்தாள். இனி மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னாள், இருமல், மண் ஆகவில்லை என்று நினைத்தது, நிலத்தைக் கொடுத்துவிட நினைத்தது, கடைசியில் பாடைக்காவடி. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். அப்பா அம்மா பக்கம் திரும்பினார்.

“உசுரோட நிக்கிறவன பாடையில ஏத்திடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?”

“இனிமே எறக்க முடியாது. வேண்டியாச்சு,” என்றாள் அம்மா.

அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அந்த மாதம் முழுக்கப் பார்த்ததில்லை. வயலுக்குத்தான் நோய், புருஷனுக்கு இல்லை என்றதும் அவளுக்கு வயலின் நோய் ஒரு பொருட்டாகவே இல்லை. பயிர் போனால் அடுத்த பயிர் என்றாள். அப்பா கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள். எங்கள் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவில், நண்டு வளைக்கெல்லாம் அப்பா களிமண் உருட்டி வைத்திருந்த அந்த வரப்பில், நாலு வெட்டு வெட்டினாள். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு கலங்கிக் கறுப்பாக ஓடியது. நாற்றம் எழுந்து வந்து மூக்கில் அடித்தது. மாமா தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, இந்த வாய் போதாது என்று முணுமுணுத்தபடி அதை அகலமாக்கினார்.

அடுத்த எட்டு நாளை நான் எண்ணியதைப் போல எந்தப் பரீட்சைக்கும் நாள் எண்ணியதில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் இல்லாமல் காய்கிற வயல் பார்த்திருப்பார்கள். தண்ணீரை வடித்துவிட்டுக் காய்கிற வயலை எங்கள் வாய்க்கால் கடைசியில் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் அப்பாவிடம் விசாரித்தார்கள். வேரில் விஷவாயு என்று அப்பா சொல்லியிருக்கிறார். வாயுவின் பெயரையும் சொல்லியிருக்கிறார், பாதி சரியாக. அதை மாமாதான் வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் நாற்றம் நின்றது. மிச்சமிருந்த கடைசித் தாளைச் சேற்றுக்கு மேல் பிடித்தேன், வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் நாள் மண்ணில் மயிரிழை போல வெடிப்பு ஓடியது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். பயிரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. நான் சாப்பிட்டதும் தெரியாமல் எழுந்ததும் தெரியாமல் இருந்தேன். மெட்டியை மட்டும் அம்மா தேய்க்கவில்லை, தேய்க்க வேண்டிய தேவை வரவில்லை.

ஏழாம் நாள் காலை அப்பா ஒரு குத்தைப் பிடுங்கி, வாய்க்காலின் அடியில் தேங்கியிருந்த கொஞ்சத் தண்ணீரில் அலசினார். கறுத்த வேர்களுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக நகக்கண் அளவில் புது வேர்கள். ஏழெட்டு இருக்கும். அப்பா அதை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னிடம் காட்டிவிட்டு, பிடுங்கிய பள்ளத்திலேயே திரும்ப ஊன்றி, சுற்றிலும் மண்ணை விரலால் அழுத்தினாள். வளர்கிறதை எதற்குப் பிடுங்குகிறீர்கள் என்று அப்பாவைக் கடிந்துகொண்டாள்.

எட்டாம் நாள் தண்ணீர் வரவில்லை. அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை, வயலுக்கும் போகவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் மாமாதான் தன் மடையை ஓரமாக அடைத்துவிட்டு வந்து குரல் கொடுத்தார், தண்ணீர் வருகிறது, முதலில் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வயல்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது என்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் தன் முறையில் இன்னொருவரை முன்னால் விடுவது சாதாரண விஷயம் இல்லை. அப்பா இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வைக்கவில்லை. மறுவாரம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் வயலின் தாழ்ந்த மூலையில் தாளில் ஒரு நிழல் விழுந்ததே, அதற்கும் வடிக்க வேண்டுமா என்று கேட்டார்.

தையில் அறுத்தோம். மாமாவுக்கு விளைந்த அளவு எங்களுக்கு விளையவில்லை. மூன்று வாரம் தூங்கிய பயிர், அந்த மூன்று வாரத்தை எங்கே போய்ப் பிடிக்கும்? ஆனால் விளைந்தது. நிலத்துக்காரர் களத்துக்கு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். ஊரில் கேள்விப்பட்டிருப்பார் போல, தண்ணீரை வடித்த ஆள் நீங்கள்தானா என்று அப்பாவைக் கேட்டார். வடிக்கச் சொன்னது என் பையன், வெட்டியது என் சம்சாரம், நான் அகலப்படுத்தினேன், அவ்வளவுதான் என்றார் அப்பா. நீங்களே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கார் ஏறினார். இருமல் எப்போதோ நின்றிருந்தும், பங்குனியில் அப்பா பாடையில் படுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றினார். தூக்கியவர்களில் ஒருவர் மாமா; கனக்கிறது, நன்றாகத்தான் விளைந்திருக்கிறது என்றாராம்.

அடுத்த போகத்துக்கு மண்ணைக் கிளறும்போது, தக்கைப்பூண்டைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அப்பாதான் விதை வாங்கிக்கொண்டு வந்தார்.

“போடுவோம். ஆனா நாள நீதான் சொல்லணும்,” என்றார். “இந்தத் தடவ வாய மூடிட்டு நிக்கக் கூடாது.”

இந்தத் தடவை தண்ணீர் முன்னதாகவே வந்தது. பூ எடுக்கும் முன்பே இளசாக மடக்கி உழுதோம். அதற்குப் பிறகு வந்த பத்து நாள்தான் கஷ்டம். மேலண்டையில் நட்டார்கள், கீழண்டையில் நட்டார்கள். நாலு பக்கமும் பச்சைக்கு நடுவில் எங்கள் ஒன்றரை ஏக்கர் மட்டும் வெறும் சேறாகக் கிடந்தது. நடவுப் பெண்கள் வரப்பில் போகும்போது அம்மாவிடம் கேட்டார்கள், எங்களை எப்போது கூப்பிடப் போகிறாய் என்று. என் மகனைக் கேளுங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். அப்பா தினமும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, ஆச்சா என்பார். இன்னும் ஆறு நாள் என்பேன். இன்னும் நாலு நாள். ஒரு நாள்கூட அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பதினோராம் நாள் காலையில், ஆகிவிட்டது என்று நான் சொன்னேன். நடவாள் இறங்கினார்கள்.